வேண்டாம் என்று சொன்ன வீட்டு டிவி கேம்

என்னைப் பெண் பார்க்க வெள்ளகோவிலிலிருந்து வந்த கூட்டத்தில் எனக்குப் பிடித்துப்போனது ஒரே ஒருவரைத்தான். அவர் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா.

அன்றைக்கு என் அறையில் லேப்டாப்பில் ஒரு எமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நானே எழுதியது. அது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்த விளக்கம் வேறு. "ஆபீஸ் சோலி போக, ஊட்டுல உக்காந்து ஆராய்ச்சி பண்றாளுங்க" என்பார். என்ன ஆராய்ச்சி என்று யாராவது மேலே கேட்டால், "கம்ப்யூட்டர்லதானுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துவிடுவார்.

சின்ன வயதில் டிவியோடு ஒயர் மாட்டி ஆடினோமே, கேசட் செருகுகிற டிவி கேம், அந்தப் பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கும். அதற்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் ஐம்பத்தாறு. எங்கள் மேனேஜருக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். கேசட்டில் இருப்பதெல்லாம் அந்தக் கட்டளைகளின் நீண்ட வரிசைதான். இந்த எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு, அங்கே கொண்டுபோய் வை, பூஜ்யமாகிவிட்டால் இன்ன இடத்துக்குத் தாவு. என் லேப்டாப்பின் சிப்புக்கு இந்தப் பாஷை தெரியாது. எமுலேட்டர் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கட்டளையாகப் படிக்கும். பழைய சிப் இருந்திருந்தால் என்ன செய்திருக்குமோ அதைத் தானே செய்து, முடிவை எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். படம் வரைகிற சிப், சத்தம் போடுகிற சிப் இரண்டுக்கும் இதே மாதிரி ஆள்மாறாட்டம். மூன்றும் ஒன்றை ஒன்று முந்தாமல் நடக்க வேண்டும். கேசட்டுக்குள் இருக்கிற ஆட்டத்துக்குத் தான் பழைய பெட்டியில் இல்லை என்பது கடைசிவரை தெரியக் கூடாது. ஏமாற்று வேலைதான். ஆனால் சுத்தமாக ஏமாற்ற வேண்டும்.

இதை ஏன் எழுதினேன் என்று கேட்டால் உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. ஆபீஸில் எனக்குப் பில் போடுகிற மென்பொருளைச் சோதிக்கிற வேலை. வரி சரியாக விழுகிறதா, காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பேன். சாயங்காலம் போத்தனூரில் வீட்டுக்கு வந்தால், காற்புள்ளி இல்லாத எதையாவது செய்ய வேண்டும் போலிருக்கும். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது ஏழு. மிச்சமெல்லாம் அதே ஏழு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவை. கடைக்காரப் பாயிடம் அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். "ஏழாச்சும் ஓடுதில்ல, சந்தோசப்படுங்க அம்மணி" என்றார். கேசட்டில் இருப்பதைப் படித்து லேப்டாப்புக்குள் ஏற்ற ஒரு சின்னக் கருவி வாங்கினேன். அப்படி ஆரம்பித்தது.

பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு கார் நிறைய. ஹாலில் ஒப்புட்டும் காபியும் போய்க்கொண்டிருந்தபோது, பையனும் பெண்ணும் கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக முடிவெடுத்து எங்களை என் அறைக்கு அனுப்பினார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. பெருந்தன்மைக்கும் ஓர் அளவு உண்டு.

அவருக்குப் பெங்களூரில் வேலை. லேப்டாப்பைப் பார்த்தார். திரையில் பீரங்கி வண்டி ஆட்டம் நின்றுகொண்டிருந்தது. செங்கல் சுவர்கள், நடுவில் ஒரு மஞ்சள் வண்டி.

"எமுலேட்டரா? இதெல்லாம் நெட்ல சும்மாவே கெடைக்குதே."

"இது நான் எழுதுனதுங்க."

"ஏன்?"

அந்த ஒற்றைச் சொல்லிலேயே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிட்டது. மீதியை அவர் உட்கார்ந்து நிதானமாக முடித்து வைத்தார். எமுலேட்டர் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். ஆட்டம் மொத்தமும் உள்ளே படமாகப் பதிவாகியிருக்குமாம், நாம் பட்டனை அமுக்க அமுக்க அந்தந்தப் படம் வருமாம். "அப்படீங்களா" என்றேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை எந்த எண்ணத்தோடு சொன்னாலும் மரியாதையாகத்தான் கேட்கும். அது ஒரு பெரிய வசதி. கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த மாதிரிப் பொழுதுபோக்கெல்லாம் வைத்துக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அதற்கும் "அப்படீங்களா" என்றேன்.

அப்போதுதான் அவருடைய அம்மா உள்ளே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில், இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறோம் என்று பார்க்க வந்தார் என்று நினைக்கிறேன். வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகத் திரையைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது அந்தப் பீரங்கி ஆட்டமில்ல?"

"ஆமாங்க அத்தை." அத்தை என்று கூப்பிட வேண்டும் என்பது காலையிலேயே அம்மா எனக்குக் கொடுத்திருந்த பயிற்சி.

"ரிமோட்டு இருக்குதா?"

எடுத்துக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகி, வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு ஆட ஆரம்பித்தார். நான் அசந்துபோனேன். எந்த மூலையிலிருந்து எதிரி வண்டி வரும், எந்தச் சுவரை உடைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் மகனும் அசந்துபோயிருந்தார்.

"அம்மா, இது எப்படிங்ம்மா உங்களுக்குத் தெரியும்?"

"உனக்கு வாங்குனதுதான். நீ நாலாவது படிக்கறப்ப."

"அது ரெண்டே மாசத்துல ரிப்பேராகிப் போச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரிப்பேரெல்லாம் ஆகுல. நீ படிக்காம அதையே கட்டிக்கிட்டு கெடந்தீன்னு எடுத்து ஒளிச்சு வெச்சுப்போட்டேன். வெச்சது சும்மா கெடக்குதேன்னு மத்தியானத்துல நா ஆடுனேன்."

"எத்தனை நாளு ஆடுனீங்க?"

"நீ காலேஜு முடிக்கற வரைக்கும்."

பெங்களூர்க்காரர் அம்மாவின் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்தார். நாலாம் வகுப்பில் அந்தப் பெட்டிக்காக அவர் எவ்வளவு அழுதிருப்பார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்தது. நல்லவேளை, நிலைக்கவில்லை.

ஹாலிலிருந்து என் அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முறை கூப்பிடும்போது அத்தையின் வண்டி வெடித்தது. ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பாட்டு சரியில்ல கண்ணு. ஆராச்சும் தொரத்தற மாதிரி ஓடுது. எங்கூட்டுல நிதானமாப் போகும்."

மாப்பிள்ளை சொன்ன எதுவும் என்னை அந்த அளவுக்குச் சுடவில்லை. சத்தம் போடுகிற சிப்புக்காக மட்டும் நான் மூன்று மாதம் உயிரை விட்டிருந்தேன். "ரொம்ப நாளானதால உங்களுக்கு மறந்திருக்குமுங்க" என்றேன்.

"என்ற ஆட்டம் எனக்கு மறக்குமா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, வரப்போகிற சம்பந்தி மாதிரி கம்பீரமாக ஹாலுக்கு நடந்தார்.

கல்யாணப் பேச்சு இரண்டு நாளில் முடிந்தது. பெண் கொஞ்சம் அழுத்தக்காரியாகத் தெரிகிறாள், வேண்டாம் என்று பையன் தரகரிடம் சொல்லியனுப்பினார். அதே காலையில் நாங்களும் வேண்டாம் என்று அதே தரகரிடம் சொல்லியிருந்தோம். முதலில் சொன்னது யார் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசப்பட்டது. நாங்கள்தான் என்று அம்மா சாதித்தார். தரகர் நடுநிலை வகித்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங் கண்ணு, வெள்ளகோவில்ல இருந்து பேசறேன். கல்யாணப் பேச்சு அதொரு பக்கம் கெடக்கட்டும். அந்த ஆட்டத்தை என்ற கம்ப்யூட்டர்ல போட்டுத் தருவியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வேண்டாம்னு சொன்ன ஊட்டுக்கு நீயாப் போயி நின்னா சனம் என்ன பேசும்? மறுபடியும் கேக்க வந்துட்டான்னு நெனைக்க மாட்டாங்களா?" அப்பா பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எந்த இயந்திரமாக இருந்தாலும் பழுது பார்க்கப் போவது அவருக்குப் புனிதமான காரியம். "கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போறான்னு சொல்லு" என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

பஸ் பிடித்து, பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தேன். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பேசுவதெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அத்தையின் கணவர் என்னைக் கண்டதும் திகைத்தார். பெண் பார்க்க வந்த அன்றும் அவர் வாய் திறக்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிகளுக்கு நடுவே போய் மறைந்துகொண்டார்.

கம்ப்யூட்டர், மகன் காலேஜ் படித்தபோது வைத்திருந்த பழசு. எமுலேட்டரைப் போட்டு ஓட்டினேன். ஆட்டம் சேற்றில் நடப்பது மாதிரி நகர்ந்தது. பாட்டு விக்கி விக்கி வந்தது.

"இப்ப ரொம்ப நிதானமாப் போகுதே" என்றார் அத்தை. கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

எமுலேட்டரில் இது ஒரு தொல்லை. பழைய பெட்டியாக இருப்பதற்கு ஆகிற உழைப்பைவிட, பழைய பெட்டியாக நடிப்பதற்கு ஆகிற உழைப்பு பல மடங்கு. அந்தச் சிப் ஒரே மூச்சில் செய்துவிடுகிற ஒரு கூட்டலுக்கு என் நிரல் அந்தக் கட்டளையைப் படித்து, இன்னதென்று அடையாளம் கண்டு, எண்ணைத் தேடியெடுத்து, கூட்டி, எழுதி, மற்ற இரண்டு சிப்பும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வரும். என் புது லேப்டாப் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தது. இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் என் சோம்பேறித்தனம் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. படத்தில் ஒரு கோடு மாறினாலே முழுப் படத்தையும் திரும்ப வரைகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அதைத் திருத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம் சரியான வேகத்துக்கு வந்தது. அதாவது, நான் சரி என்று நினைத்த வேகத்துக்கு.

"பாத்தியா, மறுபடியும் தொரத்துது" என்றார் அத்தை.

இந்தத் தடவை நான் விடவில்லை. பழைய பெட்டியை எடுக்கச் சொன்னேன். பீரோவில் புடவைகளுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தார். டிவியில் மாட்டினோம். உயிரோடு இருந்தது. அதில் பீரங்கி ஆட்டத்தையும் கம்ப்யூட்டரில் என் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகத் தொடங்கினோம். இரண்டு பாட்டும் சேர்ந்து புறப்பட்டன. கொஞ்ச தூரத்திலேயே என்னுடையது முன்னால் போய்விட்டது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அதேதான்.

காரணம் பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆட்டம் ஜப்பானில் செய்தது. அந்த ஊர் டிவி ஒரு நொடிக்கு அறுபது படம் வரையும். நம் ஊர் டிவி ஐம்பதுதான் வரையும். ஆட்டத்துக்குள் கடிகாரம் கிடையாது. எத்தனை படம் வரைந்தாகிவிட்டது என்பதை வைத்துத்தான் அது நேரத்தைக் கணக்கிடும். இங்கே விற்ற நகல் பெட்டிகள் ஐம்பதுக்குத் தகுந்த மாதிரி செய்தவை. அதனால் பீரங்கியும் மெதுவாக நகர்ந்தது, பாட்டும் மெதுவாக வந்தது. கொங்கு நாடு முழுக்க ஒரு தலைமுறை அந்தப் பாட்டை ஆறில் ஒரு பங்கு சோம்பலோடு கேட்டு வளர்ந்திருக்கிறது. என் எமுலேட்டர் ஜப்பானுக்குச் சரி. வெள்ளகோவிலுக்குத் தப்பு.

இதை விளக்கினேன். அத்தை பாதிக்கு மேல் கேட்கவில்லை. தறிக்கூடத்துப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று கத்தினார். எதைப் பற்றி என்று தெரியாமலே அவர் கணவர் உள்ளேயிருந்து "ஆமா ஆமா" என்றார்.

வீடு திரும்பி, ஐம்பது படக் கணக்கை எமுலேட்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி வைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதவில்லை. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் படச் சிப் எவ்வளவு ஓய்வெடுக்கும், அந்த ஓய்வில் மற்ற சிப் எத்தனை கட்டளை முடிக்கும் என்று எல்லாமே மாறியது. என் சாயங்காலங்கள் எல்லாம் அதற்கே போயின. அனுப்பி வைத்தேன். அத்தை ஆடிப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்.

"கண்ணு, இது ரொம்ப மந்தமா இருக்குது. பழைய மாதிரியே போட்டுடு."

நான் உடனே போன் செய்தேன். "நீங்கதானுங்க அத்தை நிதானமா வேணும்னு சொன்னீங்க!"

"சொன்னேன். இப்ப வேகம் பழகிப்போச்சு. இதுல எதிரி வண்டி வாரதுக்குள்ள எனக்குத் தூக்கம் வருது."

இரண்டு வேகத்துக்கும் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். அவர் ஐம்பதை அப்புறம் தொட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

அதிலிருந்து அவர்தான் என் சோதனையாளர். நான் கேட்கவில்லை, அவராகவே பொறுப்பேற்றுக்கொண்டார். குரல் செய்திகள் வரும், பின்னால் தறி அடிக்கிற சத்தத்தோடு. "நா அமுத்துனேன், அது சுடல." "மூணாவது ஆட்டத்துல வானம் அறுந்து தொங்குது." "இன்னிக்கு எதிரி வண்டிக்கெல்லாம் எதாச்சும் சொல்லிக் குடுத்தியா?" பத்தில் ஒன்பது அவருடைய தப்பு. வண்டி செத்தால் நிரலில் கோளாறு, ஜெயித்தால் அவர் திறமை. ஆபீஸில் எனக்கு இதே வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் இவ்வளவு தன்னம்பிக்கையோடு நான் ஒரு நாளும் குறை எழுதியதில்லை. வானம் அறுந்து தொங்கியது மட்டும் உண்மை. படச் சிப் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே ஆட்டம் திரையை நகர்த்தும், அதை என் நிரல் ஒரு கோடு தாமதமாகக் கவனித்துக்கொண்டிருந்தது.

இனிமேல் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று ஒருநாள் கேட்டேன். சம்பந்தம் இல்லையென்று ஆன பிறகு அத்தை என்பது ஒரு மாதிரியாக இருந்தது.

"அத்தைன்னே கூப்புடு. அதுக்கென்ன வரியா கட்டப்போறே?"

மகனுக்கு உடுமலைப்பேட்டையில் பெண் அமைந்தது. பத்திரிகை எனக்குத் தனியாக வந்தது. வர முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா சாப்பாட்டுக்காக வந்தார். மண்டபத்தில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சொந்தக்காரப் பெண்மணி ஒருவரிடம் அறிமுகப்படுத்தினார். "இவ என்ற கூட ஆடறவ."

அந்தப் பெண்மணி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அட, இந்த வயசுல டான்ஸ் கத்துக்கறீங்களா?"

"ஆமா" என்றார் அத்தை. விளக்கிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மேடையில் மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். நானும் வணக்கம் வைத்தேன். மணப்பெண்ணுக்கு நான் யார் என்று அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற ஏற்பாட்டைச் செய்தேன், அத்தை வெள்ளகோவிலில் இருந்தும் நான் போத்தனூரில் இருந்தும். படத்தை அங்கிருந்து இங்கே அனுப்ப வேண்டியதே இல்லை. இரண்டு வீட்டிலும் அதே எமுலேட்டர், அதே ஆட்டம். ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே பட்டன்களை ஒரே நேரத்தில் கொடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடியாக வேண்டும். அதனால் யார் எப்போது எதை அமுக்கினார் என்பதை மட்டும் அனுப்பினால் போதும். எழுதி முடித்த அன்று சாயங்காலம் அவரோடு போனில் பேசிக்கொண்டே ஆடினேன். இருவரும் ஒரே பக்கம் நின்று எதிரிகளைச் சுட வேண்டும். அத்தைக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. என் வண்டி குறுக்கே வந்தால் என்னையே சுட்டுவிடுவார். அடிபட்ட வண்டி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். "குறுக்க நின்னா என்ன பண்றது கண்ணு" என்பார்.

ஐந்தாவது கட்டத்தில், "ஐயோ, செத்துட்டியே கண்ணு" என்றார்.

"நான் சாகலீங்களே. நீங்கதான் செத்துக் கெடக்கறீங்க."

"நா நல்லாத்தான் இருக்கறேன். உன்ற வண்டிதான் வெடிச்சுப் போச்சு. கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு."

துடைத்துக்கொண்டு பார்த்தேன். என் திரையில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது, அவர் வண்டி இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். அவரும் படம் எடுத்து அனுப்பினார். அவர் திரையில் அவர் வண்டி நின்றுகொண்டிருந்தது, நான் இல்லை. இரண்டு வீட்டிலும் ஆட்டம் எங்கேயோ ஓரிடத்தில் பிரிந்து, ஆளுக்கொரு கதையாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதெல்லாம் வெவ்வேறு ஆட்டத்துக்கு. போனில் எங்களுக்குள் கொஞ்சம் சூடாகவே பேச்சு வந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "ஆரு, சம்பந்தியம்மாவா?" என்று கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கோளாறு நினைவகத்தில் இருந்தது. நிஜப் பெட்டியில் சுவிட்சைப் போட்டதும் நினைவகத்தில் கண்டபடி எண்கள் கிடக்கும். நானும் அதை அப்படியே விட்டிருந்தேன், எதார்த்தமாக இருக்கட்டும் என்று. எதிரி வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஆட்டம் அந்தக் குப்பையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துத்தான் முடிவு செய்திருக்கிறது. வெள்ளகோவில் குப்பை வேறு, போத்தனூர் குப்பை வேறு. இப்போது இரண்டு வீட்டிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற மாதிரி மாற்றிவிட்டேன். ஆட்டம் பிரிவதில்லை.

அன்றைக்குச் சாகாமல் நின்று ஜெயித்தது யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. இரண்டு திரையும் சரி, இரண்டு முடிவும் உண்மை என்று நான் சொல்லிப் பார்த்தேன். நேற்றுக்கூட அத்தை போனில், "உன்ற ஆட்டம் உன்ற ஊட்டோட இருக்கட்டும் கண்ணு. எங்கூட்டுல நாந்தான் ஜெயிச்சேன், எங்க ஊட்டுக்காரரு பாத்தாரு" என்றார்.

பின்னால் தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து "ஆமா ஆமா" என்று கேட்டது.